பெட்டிக் கணக்கு

புடையன் கடித்தால் ஊருக்கே தெரியும்.
எண்ணெய் விரியன் கடித்தது எனக்கே தெரியாது.
கொட்பேயில், ஐஸ் அறைக்குப் பின்னால்,
கணக்குக் கொப்பியைத் தலைக்கு வைத்துச்
சீமெந்துத் தரையில் படுத்திருந்தேன்.
விடியப்புறம் வயிற்றுக்குத்து.
இரவு தின்ற பாரைக் குழம்பைத் திட்டினேன்.
பிறகு இமை இரண்டும் விழுந்தன,
யாரோ கடையின் தகரக் கதவை இழுத்துவிட்ட மாதிரி.

இப்போது திருகோணமலை ஆஸ்பத்திரி,
அதிதீவிர சிகிச்சைப் பிரிவு, மூன்றாம் கட்டில்.
மூச்சை ஒரு மெஷின் விடுகிறது.
நான் உள்ளேதான் இருக்கிறேன் என்று
சொல்ல ஒரு விரல்கூட இல்லை.
காது மட்டும்
பூட்ட மறந்த பின்கதவு.

டாக்டர் சிஹாரா மாணவர்களோடு வருகிறார்.
"மூளையில் பிழை இல்லை. தசையிலும் இல்லை.
நடுவிலுள்ள இடைவெளியில்தான்."
தலைமயிர் ஒன்றின் தடிப்பை
ஆயிரமாய்ப் பிளந்தால் வரும் அளவாம்.
நரம்பு தசையைத் தொடுவதே இல்லையாம்.
இருபத்தாறு வருஷமாய் நான் தூக்கிய பெட்டியெல்லாம்
இந்தத் தொடாத இடத்தைத் தாண்டித்தான் தூக்கினேனாம்.

நரம்பின் நுனியில் பைகள். ஒவ்வொன்றுக்குள்ளும்
அசற்றைல்கோலின், ஆயிரக்கணக்கில்.
செய்தி வந்ததும் கல்சியம் உள்ளே பாயும்.
பைகள் ஓரத்துக்கு வந்து
சுவரோடு சுவராய் ஒட்டி வாய் திறக்கும்.
கொட்டும். அக்கரையில் தசை துடிக்கும்.
கண் இமைக்கும் நேரம் என்று சொல்ல வந்தேன்;
இமைப்பதே இப்படித்தானே.

எனக்கு நன்றாய் விளங்கியது அடுத்த பாகம்.
கொட்டிய பை சுவரோடு சேர்ந்துவிடுகிறதே,
பிறகு?
வலைபோல் பின்னிய புரதக்கூடு ஒன்று
சுவரை உள்பக்கமாய்க் கிள்ளி எடுத்து
மறுபடி பையாக்குமாம்.
இடைவெளியில் சிந்தியதை ஒரு நொதியம் வெட்ட,
ஒரு துண்டை நரம்பே திரும்ப உறிஞ்சி,
புதிதாய்க் கட்டி, நிரப்பி, ஓரத்தில் அடுக்குமாம்.

டாக்டர் அம்மா, இது என் வேலை.
பேலியகொடைக்கு நூற்றிருபது சிவப்புப் பெட்டி ஏற்றினால்
நூற்றிருபதும் திரும்ப வரவேண்டும்.
வேறு ஊர் மீன் நாற்றத்தோடு வரும்.
கழுவுவோம், ஐஸ் கொட்டுவோம், மறுபடி சூரை.
லொறிக்காரன் நாற்பதை அமுக்கினால் முடிந்தது:
வள்ளம் நிறைய மீன், கரையில் பெட்டி இல்லை.
சனத்துக்கு மீன் தெரியும்.
பெட்டியை யார் யோசிப்பது?

விரியன் யோசித்திருக்கிறது.
முதலில் இருந்த பையெல்லாம் கொட்டவைத்தது,
பிறகு திரும்பும் வழியை அறுத்தது.
ஏற்றிய மருந்து
இரத்தத்தில் மிதக்கும் நஞ்சைப் பிடிக்குமாம்,
நுனிக்குள் புகுந்துவிட்டதை ஒன்றும் செய்யாதாம்.
"நுனி தானாய் முளைக்கவேண்டும்."
ஒரு பொடியன் கேட்கிறான்: எத்தனை நாள்?
செருப்புச் சத்தம் நாலாம் கட்டிலுக்குப் போகிறது.

இரவில் துறைமுகத்துக் கப்பலொன்று கூவ,
தவமலர் என் காலைப் பிடித்தபடி
கப்பலையும் என்னையும் ஒரே மூச்சில் ஏசுகிறாள்.
"வீட்டிலே கட்டில் இருக்க
ஏன் அங்கே தரையிலே படுத்தனீங்கள்?"
பெருவிரலை ஆட்டச் சொல்லி உத்தரவு அனுப்புகிறேன்.
போகிறது,
முழங்கால் தாண்டி, கணுக்கால் தாண்டி,
நுனிவரை ஒழுங்காய்ப் போகிறது.
கரையில் பெட்டி இல்லை.
மறுபடி அனுப்புகிறேன்.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ,
சளி இழுக்க வந்த தாதி அனோமா
சிங்களத்தில் கத்தினாள்.
அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.
ஒரு கீற்று வெளிச்சம். பச்சைத் திரைச்சீலையின் ஓரம்,
அதில் யாரோ குத்திவைத்த ஊசி.
பை போயிருக்கிறது.
எத்தனை என்று தெரியாது;
கொப்பி இருந்தால் திகதியாவது போட்டிருப்பேன்.

இமை மறுபடி விழுந்தது.
அனோமா டாக்டரைத் தேடி ஓடினாள்.
நான் இருட்டுக்குள்,
போனது கழுவுப்பட்டு வரட்டும் என்று
இறங்குதுறையில் நிற்பதுபோல் நின்றேன்.